நாற்பத்தேழு பிழைகளும் சாவியக்காவும்

சாவியக்கா தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை அவளே பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை என்றால் கதவு தப்பு. பேனா எழுதவில்லை என்றால் பேனா தப்பு. வடகரையிலிருந்து வருகிற முதல் பஸ்ஸைத் தவறவிட்டுப் பத்து மணிக்கு வந்து நிற்கும்போதுகூட, "பஸ்ஸு முன்னாலயே போயிட்டு தம்பி" என்பாளே தவிர, நான் பிந்திவிட்டேன் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது.

அப்படிப்பட்டவள் கையில்தான் என் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாதகம் பார்த்தவர் எனக்கு அந்த வருஷம் தண்ணீரில் கண்டம் என்றிருந்தார். நான் உஷாராக அருவிப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தேன். கண்டம் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தது.

எண்பதுகளின் கடைசி. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருபத்துநாலு அறை லாட்ஜ். பேர் வேண்டாம். முதலாளியின் பேரன் இப்போதும் நடத்துகிறான், எனக்கும் சீசனில் அறை வேண்டியிருக்கிறது. முதலாளி தென்காசிக்காரர். மதுரையில் ஏதோ ஓட்டலில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானோ ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா தெரு முழுக்க 'எம் பையன் கம்ப்யூட்டர் எஞ்சினியர்' என்று சொல்லிவைத்திருந்ததால், எதிர்வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேருக்குக்கூட என்னிடம்தான் வந்தார். பார்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. அந்தத் தகுதியோடுதான் லாட்ஜுக்குப் போனேன்.

முதல் நாளே முதலாளி அக்காவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "இந்த சீசன் முடியறதுக்குள்ள இவ இத ஓட்டப் படிச்சிட்டான்னா இருக்கட்டும். இல்லன்னா எம் மைத்துனன் மவ டைப்பிங் பாஸ் பண்ணிட்டு வீட்டுல சும்மாதான இருக்கா, அவ வந்து உக்காரட்டும்."

அக்கா பதினோரு சீசனாக அந்த நாற்காலியில் இருந்தவள். வீட்டுக்காரர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். வீடு நடந்தது அந்த நாற்காலியில். அவள் கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பிடிக்காத வீட்டார் பார்ப்பது மாதிரி.

அவளுக்குச் சாவியக்கா என்று பேர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குளிக்கப் போகிறவர்கள் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். அருவி அடிக்கிற அடியில் வேட்டியே நிற்பதில்லை, சாவி எங்கே நிற்கும்? வாரத்துக்கு இரண்டு மூன்று சாவி தண்ணீரோடு போய்விடும். முதலாளி, 'சாவியைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்' என்று போர்டு எழுதி மாட்டினார். யாரும் படிக்கவில்லை. இன்னும் பெரிய போர்டாக மாட்டினார். அதில் துண்டைக் காயப்போட்டார்கள்.

அக்கா ஒருநாள் ஊரிலிருந்து கல்யாணமுருங்கைக் கட்டையை முழங்கை நீளத்துக்கு இருபத்துநாலு துண்டாக அறுத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சாவியிலும் ஒரு கட்டை. இடுப்பில் செருக முடியாது, பையில் போட முடியாது, கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அடிதடிக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். ஜனங்கள் தாங்களாகவே கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்படியும் ஒரு பிடிவாதக்காரர் கொண்டுபோய்த் தவறவிட்டார். லேசான கட்டை, மிதந்து வந்து கீழே துணி துவைக்கிற இடத்தில் ஒதுங்கியது.

"போர்டைப் படிக்க மாட்டாவ அண்ணாச்சி," என்றாளாம் முதலாளியிடம். "கட்டையப் படிப்பாவ."

அதோடு விடவில்லை. கட்டையின் ஒரு பக்கம் சிவப்புப் பெயிண்டில் எண் இருக்கும், மறுபக்கம் வெறுமை. அவளுக்குப் பின்னால் சுவரில் நாலு வரிசை ஆணி, வரிசைக்கு ஆறு. எண் முகம் காட்டித் தொங்கினால் அறை காலி. முதுகு காட்டித் தொங்கினால் ஆள் குளிக்கப் போயிருக்கிறார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே லாட்ஜின் நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று மாதம் அந்தச் சுவருக்கு எதிரே நின்றுகொண்டு, லாட்ஜின் நிலவரத்தைக் காட்டுகிற புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் இதையே பாடமாக நடத்துகிறேன். மனிதருக்கும் கணினிக்கும் இடையே நடக்கிற கொடுக்கல் வாங்கல் பற்றிய அறிமுகப் பாடம். பயன்படுத்துகிறவரை நடுவில் வைத்து வடிவமைக்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே வருகிறது. அந்த வரியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குத் தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கும். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். நான் கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொள்வேன். பயம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும், பிறகு வயிறு கலங்கும், மூன்றாவதாக மூளை வேலைநிறுத்தம் செய்யும். அந்த வருஷம் மூன்றும் ஒன்றாகவே நடந்தன.

கம்ப்யூட்டரை எங்கே வைத்தேன் தெரியுமா? கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், ஏசி போட்டு, திரைச்சீலை கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குக் கோவில் மரியாதை. அக்கா வந்தவரிடம் பேரைக் கேட்பாள், செருப்பைக் கழற்றுவாள், உள்ளே போய்ப் பேரை அடிப்பாள். ஊர் பேர் கேட்கும். வெளியே வருவாள், செருப்பைப் போடுவாள், ஊர் பேர் கேட்பாள், செருப்பைக் கழற்றுவாள். மறுபடி உள்ளே. எத்தனை பேர் என்று கேட்கும். மறுபடி வெளியே.

மூன்றாம் நாள் அக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, இந்த மெஷினுக்கு மொத்தம் என்னென்ன கேக்கணுமோ அத ஒரே மட்டா கேக்கச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டு, நான் என்ன தூதா போயிட்டு வாரேன்?"

"எல்லாத்தையும் முதல்லயே கேட்டு வச்சுக்கிட்டு உள்ள வாங்கக்கா."

"என்னத்தக் கேக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதுதான் சொல்ல மாட்டேங்குதே."

டயரியை எடுத்தேன். அக்கா செய்கிற தப்புகளை எழுதிவைக்கவென்றே சட்டைப்பையில் ஒரு சின்ன டயரி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் 'சாவியக்கா செய்த பிழைகள்' என்று தலைப்பு. அடிக்கோடு வேறு. அன்றைக்கு எழுதியது: ஏழு, விவரங்களை முன்கூட்டியே சேகரிப்பதில்லை.

புரோகிராமில் ஒரு திரைக்கு ஓர் அறை என்று வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும். காலி அறை எது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு திரையாகப் புரட்ட வேண்டும். "ஒவ்வொரு ரூமா கதவத் தட்டி, ஆளு இருக்கான்னு கேட்டுக்கிட்டே போற மாதிரில்லா இருக்கு," என்றாள். பன்னிரண்டு, பொறுமையில்லை.

விவரத்தைச் சேமிக்க ஒரு பட்டன். அறையைக் காலி செய்து விவரத்தை அழிக்க அதற்கு அடுத்த பட்டன். குற்றாலத்தில் சீசனில் எண்ணெய் படாத விரல் கிடையாது. எண்ணெய் தேய்த்தவர்கள் தொட்ட சாவி, எண்ணெய் தேய்த்தவர்கள் சாய்ந்த கவுண்டர், எண்ணெய் ஊறிய ரிஜிஸ்தர். அக்கா விரல் வழுக்கும். குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருப்பவர்களை என் புரோகிராம் காலி செய்துவிடும்.

"பாத்து அமுக்கணும்கா."

"பாலையும் பூச்சிமருந்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு, பாத்து எடுன்னு சொல்லுதிய. தள்ளி வச்சா என்ன?"

பத்தொன்பது, கவனக்குறைவு. எழுதுகிறபோது பேனா தாளைக் கிழித்தது.

எல்லாவற்றையும்விட என்னை வெறுப்பேற்றியது மானிட்டர் மேல் பூ. தினமும் காலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. நான் எடுத்துப் போடுவேன், மறுநாளும் வைத்திருப்பாள். கம்ப்யூட்டர் சூடாகும், கெட்டுப்போகும் என்று அறிவியலாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் முக்கால் முழம்.

போனில் வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அறை கேட்பதில்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். மெயினருவியில் வெள்ளமா, குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறதா. அக்கா வருகிற பஸ்ஸில் டிரைவரிடம் கேட்டு, காலையில் கவுண்டர் சிலேட்டில் எழுதிவைப்பாள்.

"தம்பி, தண்ணி விழுதான்னு இதுல பாக்க முடியுமா?"

"கம்ப்யூட்டருக்கு எப்படிக்கா தெரியும்?"

"பின்ன இங்க வந்து கேக்கறதே அது ஒண்ணுதான. அதையும் சொல்லாது, எது தப்புன்னும் சொல்லாது. பின்ன என்னதான் சொல்லும்?"

நான் சிரித்துவிட்டேன். அதை எழுதிக்கூட வைக்கவில்லை. அசட்டுக் கேள்வி என்று விட்டுவிட்டேன்.

எது தப்பு என்று சொல்லாது என்றாளே, அது உண்மை. எந்தத் தப்பு நடந்தாலும் என் புரோகிராம் 'இன்வேலிட் என்ட்ரி' என்று ஆங்கிலத்தில் காட்டி, கீச்சென்று ஒரு சத்தம் போடும். முதல் தடவை அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"இப்பிடின்னா என்னது தம்பி?"

"நீங்க தப்பாப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

"எது தப்புன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"எங்க மாமியாரும் இப்பிடித்தான். தப்பு தப்புன்னு கத்துவா. எதுன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா."

இப்படி இருக்கையில் அந்த ஒன்பதாம் எண் விவகாரம் நடந்தது. செருப்பைக் கழற்றி மாட்டி அலுத்துப்போய், அக்கா பகல் முழுக்கத் தன் ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு, சாயங்காலம் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டாள். ஆக, கம்ப்யூட்டருக்கு மத்தியானத்து உலகம் தெரியாது. முதலாளி தன் சம்பந்தி வீட்டாரோடு வந்தார், பெருமையாக ஏசி அறைக்குள் கூட்டிப்போனார், திரையில் ஒன்பது காலி என்று பார்த்தார், அக்காவைக் கேட்காமல் மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கோவில்பட்டிக் குடும்பம். குளித்துவிட்டு வந்து ஈரம் மாற்றிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு நான் வர்ணிக்க வேண்டாம். சம்பந்தியம்மாள் அன்றைக்கே ஊர் திரும்பினார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மெஷினு தப்பா, இவ தப்பா, வே?"

காது சிவந்தது. "மெஷின் கரெக்டுதான் அண்ணாச்சி. அப்பப்ப ஏத்தாம விட்டது அவங்கதான்." சொல்லிவிட்டு டயரியைக் காட்டினேன். என் பயத்துக்கு வேறு யாருடைய நாற்காலியாவது பலி வேண்டியிருந்தது. "நாப்பத்தேழு இருக்கு அண்ணாச்சி."

"அப்பிடியா?" என்றார். "சனிக்கிழம நான் வந்து உக்காருதேன். மெஷினத் தூக்கி கவுண்டர்ல வையும். அன்னைக்கு முடிவு பண்ணிருவோம். அவளால முடியலன்னா அவ்வளவுதான். எம் மைத்துனன் மவள வரச் சொல்லியாச்சு."

அக்கா சாவிப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு கட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் கவுண்டருக்கு வந்தது. வந்த பிறகுதான் கீச் சத்தத்தின் முழு மகிமை தெரிந்தது. ஒவ்வொரு கீச்சுக்கும் வரிசையில் நிற்கிற ஜனம் அக்காவின் முகத்தைப் பார்த்தது. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், சத்தம் வருகிற ஓட்டையில் பஞ்சை அடைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

"இது என்னக்கா?"

"பத்து பேருக்கு முன்னால கத்துது தம்பி." குரல் தணிந்திருந்தது. அவள் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "தப்புன்னா தப்புதான். எங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதா?"

நான் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு என் புரோகிராமின் மானம் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை நல்ல சாரல். முதலாளி சோபாவில் வந்து உட்கார்ந்தார். "மொதல்ல நீரு உக்காரும்வே. இத எப்பிடி ஓட்டணும்னு ஒரு மணி நேரம் செஞ்சு காட்டும். பெறகு இவ உக்காரட்டும். அந்த லிஸ்ட வச்சிக்கிடும், எத்தனாவது தப்புன்னு நான் எண்ணிக்கிடுதேன்."

உட்கார்ந்தேன். என் புரோகிராம், என் மெஷின், இஸ்திரி போட்ட சட்டை. அக்கா ஓரமாகக் கைகட்டி நின்றாள். வாசலில் சங்கரன்கோவில் வேன் ஒன்று வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார். தலையிலிருந்து முழங்கை வரை எண்ணெய். "ரூம் இருக்கா தம்பி?"

"உங்க பேரு?" அடித்தேன். "ஊர்?" அடித்தேன். "எத்தனை பேர்?"

"பதினாலு பேரு. ரெண்டு ரூம்ல ஒதுங்கிக்கிடுவோம்."

அந்தக் கட்டத்தில் ஒரு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தேன். ஓர் அறையில் ஒன்பது பேருக்கு மேல் எந்த மனிதன் தங்குவான் என்று ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்து வைத்தது. ஒன்றை அடித்தேன். நாலை அடித்தேன். கீச். இன்வேலிட் என்ட்ரி.

போன் அடித்தது. எடுத்தேன். "ஏங்க, தண்ணி விழுதா?"

"தெரியாதுங்க."

"லாட்ஜா?"

"ஆமா."

"குத்தாலத்துல இருந்துக்கிட்டா தெரியாதுங்கிய?"

வைத்தேன். காது இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி. யாரோ ஒரு பாட்டையா நீட்டிய சாவிக் கட்டையை வாங்கினேன், கையில் எண்ணெய் ஏறியது. பட்டனை அமுக்கினேன், விரல் வழுக்கியது. எந்த அறையோ ஒன்று காலியானது. எது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்கத் திரையைப் புரட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் வரிசை நீண்டது. ஈரத் துண்டோடு ஒருவர் எட்டிப் பார்த்ததில் என் இஸ்திரிச் சட்டைமேல் சொட்டியது. நாலு. ஐந்து. கீச். ஐந்தில் எதற்குக் கீச் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியவன் நான். எனக்கே தெரியவில்லை.

"என்னவே, கோழிக்குஞ்சு வச்சிருக்கீரா உள்ள?" என்றார் எண்ணெய்க்காரர். வரிசை சிரித்தது. பத்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கீச். மறுபடி கீச். வயிறு கலங்கியது. குற்றாலநாதா, இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டவை, மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சுவாமி அன்றைக்குச் சாரலில் பிசியாக இருந்தார். என்னையறியாமல் என் கை கவுண்டர் மேல் எதையோ தேடியது. என்ன தேடுகிறேன் என்று பார்த்தால், பஞ்சு.

மூளையின் வேலைநிறுத்தம் அப்போதுதான் தொடங்கியது. திரும்பிக் கேட்டேன்: "அக்கா, எந்த ரூம் காலி?"

அவள் திரும்பக்கூட இல்லை. ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்துவிட்டு எண்ணெய்க்காரரிடம் சொன்னாள். "பதினேழு, இருவது. பதினேழு கீழ, அண்ணாச்சி. வயசாளிய இருந்தா அதுல போடுங்க. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது, மெயின்ல இப்பத்தான் விடுதாவ. பைய வச்சிட்டு இப்பவே கெளம்புங்க." கையை நீட்டி இரண்டு கட்டையை எடுத்துக் கொடுத்தாள். வேன் நகர்ந்தது. வரிசை நகர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

குனிந்து என் காதருகில், வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "பரவால்ல தம்பி. எது தப்புன்னு அது ஒங்ககிட்டயும் சொல்லலல்லா."

முதலாளி எழுந்து வந்தார். "லிஸ்ட எடும்வே."

டயரியை எடுத்தேன். நனைந்திருந்தது, ஆனால் பாழாய்ப்போன பேனா நல்ல பேனா, மை கலையவே இல்லை. 'சாவியக்கா செய்த பிழைகள்' பளிச்சென்று இருந்தது. ஒன்றிலிருந்து படித்துப் பார்த்தேன். இடத்துக்கு மீறி எண்ணை அடிப்பது. அழிக்கும் பட்டனைத் தவறி அமுக்குவது. திரையைப் புரட்டத் தடுமாறுவது. இருபது நிமிஷத்தில் பாதிக்கு மேல் நானே செய்து முடித்திருந்தேன், இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி இருந்தது.

தலைப்பின் மேல் ஒரு கோடு அடித்தேன். பதற்றத்தில் அது கோணலாகப் போனது. அதன் கீழே 'சரி செய்ய வேண்டியவை' என்று எழுதி நீட்டினேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதெல்லாம் யாரு தப்பு?"

"மெஷினு அண்ணாச்சி."

"மெஷின இப்பிடி ஆக்கினது யாரு?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாற்காலியில் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு சின்ன நாற்காலி என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான் அண்ணாச்சி."

"நாப்பத்தேழுமா?"

"நாப்பத்தேழும்."

"இவ தப்பு ஒண்ணுகூட இல்லியா?"

எனக்குள் இருந்த பழைய ஆள் கடைசியாக ஒருமுறை தலைதூக்கினான். "நாப்பத்தி ஒண்ணு மட்டும்... மானிட்டர் மேல பூ வைக்கறது."

அக்கா நிமிர்ந்தாள். "இவரு ஏசி போடுதேன்னு எடுத்துக்கிட்டாவல்லா அந்த உள் ரூமு, அதுதான் அண்ணாச்சி சாமி படம் இருந்த எடம். படத்தக் கழட்டிட்டாவ. பூவ நான் எங்க வைக்க?"

படத்தைக் கழற்றியது நான்தான். காற்று வருவதற்கு இடைஞ்சலாக இருந்தது.

முதலாளி டயரியை என் மடியில் போட்டார். "சரிபண்ண எத்தன நாளாகும்?"

"ரெண்டு வாரம்."

"அதுவரைக்கும் நீ உக்காரும்மா," என்றார் அக்காவிடம். எழுந்து வழிவிட்டேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "சரிபண்ணின பெறகும் நீயே உக்காரு. இவரு சரியாப் பண்ணியிருக்காரான்னு வேற யாரு சொல்லுவா? மைத்துனன் மவளுக்கு நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்."

அப்புறம் அந்தத் திரை மாறியது. நாலு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம், அவள் சுவரைப் பார்த்து அப்படியே வரைந்தது. அழிக்கிற பட்டன் நாடுகடத்தப்பட்டது. கீச் செத்தது. உச்சியில் ஒரு வரி, ஆங்கில எழுத்தில் தமிழாக, தண்ணி எங்கே விழுகிறது என்று அவள் தினமும் காலையில் அடிப்பதற்கு. இதையெல்லாம் நானாகவே யோசித்துச் செய்ததாகப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபோது, அக்கா கையை நீட்டினாள். "அந்த நோட்டக் கொடுங்க தம்பி. என்னென்ன எழுதியிருக்கியன்னு பாப்போம்."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தை மனசுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியம். கண்ணீர்கூட வரும் போல இருந்தது.

"பன்னெண்டும் முப்பத்தொண்ணும் ஒண்ணுதான் தம்பி," என்றாள். "ரெண்டு தடவ எழுதியிருக்கிய. தண்ணி விழுதான்னு நான் கேட்டது விட்டுப்போச்சு."

"சரிக்கா."

முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். கோணலாக அடித்த தலைப்பை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்குத் தயாராக இருந்த வாக்கியம் மறந்துபோனது.

"இங்கன அடிச்சிருக்கியளே, இது சரியில்ல," என்று டயரியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ண அடிச்சா படிக்க முடியாதபடிக்கு அடிக்கணும். கீழ இருக்கறது அப்பிடியே தெரியுது."

நான் பேனாவை எடுத்து, நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.